வீட்டுக்குள் ஒரு சொல் வரைபடம்

மாணவர்களே, உங்கள் வீட்டில் சோறு ஆக்கும் இடத்துக்கு என்ன பெயர்? கன்னியாகுமரிப் பக்கம் அது 'அடுக்களை'. தமிழகத்தின் வேறு பல ஊர்களில் 'அடுப்படி'. யாழ்ப்பாணத்தில் 'குசினி', மலேசியாவிலும் அப்படிச் சொல்வோர் உண்டு.

ஒரே பொருளின் பெயர் இடத்துக்கு இடம் மாறுவதை ஆராயும் துறைக்குக் கிளைமொழியியல் என்று பெயர். பாறை அடுக்குகள் பூமியின் வரலாற்றைச் சொல்வதுபோல, வீட்டுச் சொற்கள் மக்களின் வரலாற்றைச் சொல்லும்.

'குசினி' போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. நாம் சொல்லும் 'ஜன்னல்', மலாய் நண்பர்கள் சொல்லும் 'ஜெண்டெலா' ஆகிய இரண்டுக்கும் மூலம் 'ஜனெலா' என்ற போர்த்துகீசியச் சொல்தான். 1511-இல் மலாக்காவைப் பிடித்த அதே போர்த்துகீசியர், தமிழ்க் கடற்கரையிலும் கால் பதித்தவர்கள்.

புக்கிட் மெர்தாஜாம் பழைய கடைத்தெருவில் மழை பெய்தால் எங்கே ஒதுங்குவீர்கள்? 'அஞ்சடி'யில்! 1822-இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ், கடைவீடுகளின் முன்னால் கூரையுள்ள நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தார். ஐந்தடி அகலம் என்ற கணக்கே அதற்குப் பெயரானது. மலாயில் 'காக்கி லீமா'. ஹொக்கியனில் 'கோ-கா-கி'. மூன்று மொழியிலும் ஐந்து என்ற எண் ஒளிந்திருக்கிறது. ஓர் அளவு மூன்று மொழிகளில் சொல்லாகிவிட்டது.

சில சமயம் சொல் ஒன்றாக இருக்கும், பொருள் மாறிவிடும். செட்டிநாட்டில் 'வளவு' என்றால் வீட்டின் நடுவே முற்றத்தைச் சூழ்ந்த பகுதி. யாழ்ப்பாணத்தில் வீடும் மரங்களும் நிற்கும் காணி முழுவதும் 'வளவு'.

இப்போது அடுக்குமாடி வீடுகளில் திண்ணை இல்லை, முற்றம் இல்லை, கொல்லையும் இல்லை. இடம் மறைந்தால் சொல்லும் மெல்ல மறையும். தோட்டத்து லயங்களில் வாழ்ந்த பெரியவர்களிடம்தான் பல சொற்கள் மிச்சம் இருக்கின்றன.

1876-இல் ஜெர்மனியில் கியோர்க் வெங்கர் என்பவர் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில வாக்கியங்களை அனுப்பி, உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதித் தாருங்கள் என்று கேட்டார். வந்த பதில்களைக் கொண்டே மொழி வரைபடங்கள் வரைந்தார். அதை நீங்களும் செய்யலாம்.

செய்து பாருங்கள்: சமையல் செய்யும் இடம், வீட்டின் முன்பகுதி, பின்பக்கம், குளிக்கும் இடம், பொருள் வைக்கும் இடம் ஆகிய ஐந்துக்கும் பெயர் என்ன என்று மூன்று பெரியவர்களிடம் கேளுங்கள். சொல்லையும் அவர் வளர்ந்த ஊரையும் சேர்த்து எழுதுங்கள். ஊர் இல்லாத சொல்லை வரைபடத்தில் வைக்க முடியாது. வகுப்பில் எல்லாருடைய பட்டியலையும் சேர்த்தால், உங்கள் முதல் சொல் வரைபடம் தயார்!