சின்னக் கமராவும் ஆச்சியின் கைவிரல்களும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என நம்மவர் சொல்வது வழக்கம். மலிந்த விலையில் வாங்கிய பொருள் ஒன்று சரிவர வேலை செய்யாதபோது, குற்றம் முழுவதையும் அப்பொருளின் தலையிலே சுமத்திவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் இதனைப் போன்றதே. நாமும் அவ்வாறு ஒரு கூடத்தைக் கோணல் என்று சொல்லப் போய்ப் பின்னர் நாணமடைந்தோம். அக்கதையையும், அதனாற் பெற்ற சில பாடங்களையும் வாசக நேயர்களுடன் பகிர்ந்துகொள்வது பிரயோசனமாக இருக்கும் என்று எண்ணுகின்றோம்.

உயர்தர வகுப்பிலே படிக்கும் எமது மருமகன் ஒருநாள் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னஞ்சிறு கறுப்புப் பொருளை எடுத்து மேசைமீது வைத்தான். பார்வைக்கு மோட்டார்க் காரின் சாவிப் பிடியைப் போல இருந்தது. நிறையோ இருபது கிராம் அளவுதான். அது ஒரு வீடியோக் கமரா என்று அவன் சொன்னபோது நாம் நம்பவில்லை. 2009ஆம் ஆண்டளவில் '808' என்ற பொதுப் பெயருடன் உலகச் சந்தையிற் பரவத் தொடங்கிய இனம் இது. மாதிரி விமானங்களைப் பறக்கவிடும் பொழுதுபோக்காளர்கள், விமானத்துக்குப் பாரமாக இராத கமரா இதுவென்று கண்டு, இதனை விரும்பி வாங்கினர். வெளிக்கூடு ஒன்றாகவே இருக்க, உள்ளே இருக்கும் பொறிகள் வேறுவேறாக இருந்தமையால், அவர்களே அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டு இனம் பிரிக்கவும் வேண்டியதாயிற்று. மருமகன் வாங்கியதும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. விலையோ ஒரு நல்ல சோடிச் சப்பாத்தின் விலைகூட இல்லை.

ஆச்சியின் நீத்துப்பெட்டி

எமது ஆச்சி எண்பது வயதைக் கடந்தவர். பனையோலையால் நீத்துப்பெட்டி இழைப்பதில் அவருக்கு நிகரானவர் எங்கள் உறவினரிடையே ஒருவருமிலர். ஓலையை வார்ந்து, நீரில் நனைத்து, மளமளவென்று அவர் இழைத்து முடிப்பதைக் கண்டவர்கள், அந்த விரல்களுக்குக் கண் இருக்கின்றதோ என்று ஐயுறுவர். இக்கலையை அவரிடம் கற்றுக்கொள்ள எங்களில் ஒருவரும் முன்வரவில்லை. ரொறன்ரோவிலே வாழும் அவருடைய பேர்த்தி ஒருத்திதான், "அம்மம்மா பெட்டி இழைப்பதைப் படம் பிடித்து அனுப்புங்கள், நான் பார்த்துப் பழகப் போகிறேன்" என்று கேட்டிருந்தாள்.

இதற்குக் கைத்தொலைபேசி போதாதோ என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் முதலில் அதைத்தான் எடுத்தோம். அதைத் தூக்கிப் பிடித்தவுடன் ஆச்சி ஓலையைக் கீழே வைத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்து, நிழற்படத்துக்கு இருப்பவர்போல நிமிர்ந்து அமர்ந்துவிடுவார். விரல்கள் அசைவதே இல்லை. ஆகவே மருமகனின் சின்னக் கமராவை அவருக்குக் காட்டி, விளக்கிச் சொல்லி, அவருடைய சம்மதத்துடன் ஓலைக் கட்டின் அருகே வைத்தோம். ஐந்து நிமிடத்தில் அப்படி ஒன்று அங்கே இருப்பதையே அவர் மறந்துபோனார்.

ஆனால் அன்று மாலை கணினியிலே படத்தைப் போட்டுப் பார்த்தபோது எமக்குப் பெரும் ஏமாற்றம். ஆச்சி யன்னலுக்கு முன்னே இருந்தமையால், யன்னல் பளிச்சென்று தெரிய, அவர் கரிய நிழலாகவே காணப்பட்டார். மின்விசிறியின் இரைச்சலிலே அவருடைய பேச்சு அமிழ்ந்து போயிற்று. இறுதிப் பகுதியோ திறக்கவே மறுத்துவிட்டது. ஆச்சி கண்ணாடியை மூக்கின் மேலே தள்ளிவிட்டுச் சொன்னார்: "மோனை, இதிலை நான் எங்கை இருக்கிறன்? யன்னல்தானே தெரியுது!"

மலிந்த சரக்கு, வேறென்ன என்று நாம் சொன்னோம். மருமகனோ மறுமொழி பேசாது, இரண்டு வாரம் அந்தக் கமராவைப் பரீட்சித்துப் பார்ப்பதில் ஈடுபட்டான். அவனோடு சேர்ந்து நாம் அறிந்தவற்றையே இனிக் கூறுகின்றோம்.

பெட்டியில் உள்ள இலக்கம்

இத்தகைய கமராக்களின் பெட்டிகளிலே பெரிய இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். 1920க்கு 1080 என்றால் ஏறத்தாழ இருபது இலட்சம் புள்ளிகள். 640க்கு 480 என்றால் மூன்று இலட்சத்துக்குச் சற்று மேல். உள்ளே மூன்று இலட்சம் புள்ளிகளை மட்டும் பிடித்துவிட்டு, அதனைப் பெரிதாக இழுத்து இருபது இலட்சம் என்று காட்டும் கமராக்களும் சந்தையில் உண்டு. இதனை அறிய ஓர் எளிய வழி இருக்கின்றது. பத்திரிகைத் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, நல்ல வெளிச்சத்தில், ஓர் அடி, இரண்டடி, மூன்றடி, நான்கடி என வெவ்வேறு தூரத்திலிருந்து படம் பிடியுங்கள். எழுத்துகள் எந்தத் தூரத்தில் தெளிவாக விழுகின்றன என்று பாருங்கள். உண்மையான ஆற்றலும் தெரியும். அதைவிட முக்கியமாக, அதன் வில்லை எந்தத் தூரத்துக்கு அமைக்கப்பட்டது என்பதும் தெரியும். ஏனெனில் இவ்வகைக் கமராவிலே குவியத்தை மாற்றும் வசதி கிடையாது. எமது கமரா இரண்டடிக்கு அப்பாலுள்ளவற்றையே தெளிவாகக் கண்டது. முதல் முயற்சியில் நாமோ அதனை ஆச்சியின் கைக்கு ஓர் அடி தூரத்தில் வைத்திருந்தோம்!

வில்லையைத் துடைக்கவும் மறக்கலாகாது. சட்டைப் பையிலும் சாவிக் கொத்திலும் கிடக்கும் பொருளாகையால், விரலின் எண்ணெய்ப் பசை அதில் எப்போதும் படிந்திருக்கும். மென்மையான, உலர்ந்த பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்தாலே புகைமூட்டம் நீங்கியது போலாகும்.

வெளிச்சமே உயிர்

சின்னக் கமராவின் முதற் பலவீனம் யாதெனில், அது வெளிச்சத்துக்கு ஏழை. பழைய நிழற்படக் கமராவிலே ஒரு படத்துக்கான படச்சுருளின் பரப்பு 36 மில்லிமீற்றருக்கு 24 மில்லிமீற்றர். இதிலுள்ள ஒளியுணரியோ பெரும்பாலும் 3 அல்லது 4 மில்லிமீற்றர் அகலமே உடையது. பரப்பளவிலே ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. மழைநீரைப் பிடிக்கச் சட்டிக்குப் பதிலாகச் சிரட்டையை வைத்தாற்போன்றது இது. சிரட்டையும் நிரம்பும், ஆனால் மழை நன்றாகப் பெய்யவேண்டும்.

நண்பகல் வெயிலின் பிரகாசம் இலட்சம் லக்ஸ் அளவுக்கு எழும். இரவிலே நம் வீட்டறையிற் கிடைப்பது நூறு, இருநூறு லக்ஸ்தான். நமது கண் இரண்டுக்கும் தன்னைப் பழக்கிக்கொள்கின்றது. கமராவோ இருளிலே தடுமாறுகின்றது. கிடைத்த சிறு ஒளியைச் செயற்கையாகப் பெருக்குவதால் படமெங்கும் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றுகின்றன; அசையும் பொருள்கள் கலங்கித் தெரிகின்றன. இன்னொரு தொல்லையும் உண்டு. நம் நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுழற்சியுடையது. ஆகவே குழல் விளக்குகள் செக்கனுக்கு 100 முறை துடிக்கின்றன. கமரா வேறு கணக்கில் ஓடுமாயின் படத்திலே கரிய பட்டைகள் உருண்டு செல்லும். 50 என்ற அமைப்பு இருந்தால் அதனைத் தெரிவு செய்க. இல்லாவிடில் பகல் வெளிச்சத்தையே நாடுக.

அதற்காக உச்சி வெயிலிலே எவரையும் இருத்தவேண்டியதில்லை. கடும் வெயிலும் கடும் நிழலும் அருகருகே இருப்பின் கமரா இரண்டையும் ஒருங்கே காணமாட்டாது. யன்னலுக்கு முன்னே இருந்த ஆச்சி கருமையானதும் இதனாலேதான்; யன்னலின் பிரகாசத்தைக் கண்டு கமரா முழுப் படத்தையும் இருளாக்கிவிட்டது. விறாந்தையிலே, வெளிச்சம் வரும் திசையை நோக்கி அவர் அமர்ந்திருந்தாரானால் அக்குறை நேர்ந்திராது. கமராவைப் பிடிப்பவரின் முதுகுப் புறமே வெளிச்சத்துக்கு உரிய இடம்.

ஒரு பக்கத்து நிழலைத் தணிக்க ஒரு வெள்ளை வேட்டி போதும். இது நாமாகக் கண்ட உபாயமன்று. 1956இல் சத்யஜித் ராய் 'அபராஜிதோ' என்னும் வங்காளத் திரைப்படத்தை எடுத்தபோது, காசி நகரத்து வீடொன்றின் முற்றத்தைக் கலைக்கூடத்துக்குள்ளே அமைக்க நேர்ந்தது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெண்துணியை விரித்துக் கட்டி, விளக்குகளின் ஒளியை அதிலே பட்டுத் தெறிக்கச் செய்து, திறந்த வானத்தின் மென்மையான ஒளியை உண்டாக்கினார். பெரியோர் விளக்குகளால் செய்ததை நாம் சூரியனைக் கொண்டு செய்யலாமன்றோ? கதிரையொன்றின் மேலே வேட்டியை விரித்து ஆச்சியின் இருண்ட பக்கத்தில் வைத்தோம். அவருடைய முகத்தின் சுருக்கங்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன.

அசையாமை

இரண்டாவது பலவீனம், பாரமின்மை. பாரமுள்ள கமரா கையில் தானாகவே நிலைகொள்ளும். இருபது கிராம் கமராவோ நாடித் துடிப்புக்குக்கூட அசையும். அன்றியும், இதன் ஒளியுணரி ஒரு படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேல்வரி தொடங்கிக் கீழ்வரி வரை வரிவரியாக எடுக்கின்றது. அதற்கிடையில் கமரா திரும்புமாயின் தந்திக் கம்பங்கள் சாயும். சுவர்கள் கூழைப்போல ஆடும்.

இதற்கு மருந்து, கையில் வைத்திராமையே. முக்காலி இல்லாவிட்டால் ஒரு சிறு துணிப்பையிலே அரிசியையோ பயற்றையோ நிரப்பி, அதன்மேல் கமராவைப் பதித்து வைக்கலாம். மரக்குற்றியில் றப்பர் வளையத்தாற் கட்டியும் வைக்கலாம். தொடக்குவதற்குப் பொத்தானை அழுத்தியபின், பத்துவரை எண்ணிவிட்டே வேலையைத் தொடங்கச் சொல்லவேண்டும். கமராவை அங்குமிங்கும் திருப்பாது, ஓரிடத்திலிருந்து ஒரு காட்சி, வேறிடத்திலிருந்து இன்னொரு காட்சி எனப் பிடிப்பதே நன்று.

1932இல் கொடக் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கென 8 மில்லிமீற்றர் படச்சுருளை வெளியிட்டபோது, ஒரு சுருளுக்கு நான்கு நிமிடமளவே படம் கிடைத்தது. ஆகவே அக்காலத்தவர்கள் பொத்தானை அழுத்துமுன் சிந்தித்தார்கள். நமக்கோ படச்சுருள் தீரும் அச்சமில்லை. அச்சம் போனதுடன் சிந்தனையும் போய்விடக்கூடாது.

ஓசையும் காவலும்

கமராவிலுள்ள ஒலிவாங்கி குண்டூசித் துளை அளவினது. தூரம் இருமடங்கானால் அதனை அடையும் ஒலியின் வலு நான்கிலொன்றாகக் குறையும். ஆகவே மின்விசிறியை நிறுத்துங்கள், வானொலியை மூடுங்கள். முக்கியமான பேச்சாயின், கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பேசுபவரின் மடியருகே வைத்துவிடலாம். தொடக்கத்திலே கமராவின் முன்னே ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். பின்னர் கணினியிலே, கைகள் சேரும் படத்தையும் தட்டும் ஓசையையும் பொருத்தினால் இரண்டும் இணைந்துவிடும். திரைப்படக்காரர்கள் பலகையைத் தட்டுவதும் இதற்காகவே.

எமது இறுதிப் பகுதி திறவாமற் போனதன் காரணம், மின்கலம் தீர்ந்து கமரா இடையிலே நின்றுவிட்டமையாகும். பதிவை முறைப்படி நிறுத்தும்போதே கமரா அதன் கணக்கை எழுதி முடிக்கின்றது. இடையில் உயிர் போனால் ஏடு இருந்தும் வாசிக்க முடியாது. இச்சிறு மின்கலம் ஒரு மணி நேரமளவே தாங்கும். ஆகையால் பத்து நிமிடத்துக்கொருமுறை நிறுத்தி மீண்டும் தொடக்குவது நலம். மின்கலம் உப்பியிருக்கக் கண்டால் அதனை உபயோகிக்கவே கூடாது.

நினைவக அட்டைகளிலும் பொய்யுண்டு. உள்ளே குறைந்த இடத்தை வைத்துக்கொண்டு கூடிய இலக்கத்தைச் சொல்லும் அட்டைகள், நிரம்பியபின் வருவதைச் சத்தமின்றி விழுங்கிவிடும். வாங்கியவுடன் அட்டையை முழுவதும் நிரப்பி, எல்லாம் திறக்கின்றனவா என்று ஒருமுறை சோதித்தறிதல் வேண்டும். திகதியும் நேரமும் பிழையாக விழுமாயின், பல வகைகளில் அட்டையிலே சிறு எழுத்துக் கோப்பு ஒன்றை இட்டு அதனைத் திருத்தலாம்.

இன்னுமொன்று சொல்லவேண்டியது கடமை. சிறிய கமராக்கள் களவாகப் படம் பிடிப்பதற்குப் பயன்பட்டுக் கெட்ட பெயரும் எடுத்துள்ளன. மாணவர்கள் இதனை நன்கு மனத்தில் இருத்தவேண்டும். ஒருவர் அறியாமல் அவரைப் பிடிப்பது எவ்வளவு தெளிவான படமாயினும் இழிவான செயலே.

மீண்டும் ஒருநாள்

இரண்டு வாரத்தின் பின், காலை ஒன்பது மணியளவில், விறாந்தையிலே ஆச்சி ஓலையுடன் அமர்ந்தார். மருமகன் அரிசிப் பையின்மேல் கமராவை வைத்தான். இரண்டரை அடி தூரத்தை நூலால் அளந்தான். அதே கமரா, அதே ஆச்சி. கிடைத்த படமோ முற்றிலும் வேறு. அதனைக் கண்ட ஆச்சி நெடுநேரம் பேசாதிருந்து, "இப்பதான் என்ர கை எனக்கே தெரியுது" என்றார்.

அதன்பின் சில மாதங்களில் அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கிற்று. இன்று அவரால் ஓலையைப் பிடிக்க முடிவதில்லை. அண்மையில் ரொறன்ரோவிலிருந்து பேர்த்தி கேட்டிருந்தாள்: கடதாசிக் கீற்றுகளைக் கொண்டு பழகி வருகின்றாளாம், மூலையை மடக்கித் திருப்பும் இடத்தில் எந்தக் கீற்று மேலே வருகின்றது என்று விளங்கவில்லையாம். ஆச்சியிடம் கேட்டோம். அவர் வெறுங்கையைக் காற்றிலே அசைத்துப் பார்த்துவிட்டு, "கைக்குத்தான் தெரியும், மோனை, வாயாலை சொல்லத் தெரியேல்லை" என்றார்.

மருமகன் பதிவைத் திறந்து அந்த இடத்தில் நிறுத்தினான். வேட்டியிலே தெறித்த வெளிச்சம் ஆச்சியின் பெருவிரலில் விழுந்திருந்தது. பெருவிரலின் கீழே இடப்புறத்துக் கீற்று. அதன்மேலே வலப்புறத்துக் கீற்று. எவ்வித ஐயமும் இல்லை. அந்தப் படத்தை அன்றே அவளுக்கு அனுப்பிவைத்தோம்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய கைகள் இருக்கக்கூடும். விலையுயர்ந்த கமரா கைக்கு வரும்வரை காத்திருக்கவேண்டாம். இருப்பதை எடுத்துத் துடைத்து, வெளிச்சம் வரும் பக்கத்தைப் பார்த்து, நாளைக் காலையிலேயே தொடங்குங்கள்.