வடக்கைக் காட்டும் மலர்

சாரணர் இயக்கத்தின் சின்னமான மூவிதழ் மலர், ஐரோப்பாவில் ஃப்ளர்-டி-லி என வழங்கும் லில்லி மலரின் வடிவமாகும். பிரெஞ்சு மன்னர்களின் கொடிகளில் நெடுங்காலம் விளங்கிய அவ்வடிவத்தை இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் தேர்ந்ததற்கு அரசப் பெருமை காரணமன்று. பழைய நிலப்படங்களிலும் திசைகாட்டிகளிலும் வடதிசையைக் குறிக்க அதுவே வரையப்பட்டு வந்தது என்பதே காரணம்.

1897இல் இந்தியாவில் ஒரு குதிரைப்படைப் பிரிவுக்குத் தலைமையேற்ற அவர், வேவு பார்க்கவும் அறியாத நிலத்தில் வழி கண்டு செல்லவும் வீரர்களைப் பழக்கி, தேறியவர்களுக்குக் கையில் அணியும் அடையாளமாக இம்மலரை அளித்தார். பின்னர் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒருங்கே சேர்த்து அவர் நடத்திய முகாமில், சிறுவர்களுக்குப் பித்தளையாலான அதே மலர் வழங்கப்பட்டது. முடிச்சிடுதல், தடமறிதல் முதலிய சோதனைகளில் தேறியோருக்கு, 'தயாராக இரு' என்று பொருள்படும் ஆங்கில வாசகம் பொறித்த பித்தளைச் சுருளும் அதன்கீழ் சேர்க்கப்பட்டது. படையிலிருந்து வந்தமையால் இதனை ஈட்டிமுனை என்று பழித்தோரும் உண்டு. அமைதியையும் தூய்மையையும் உணர்த்தும் மலர் இது என்பது பேடன் பவலின் விடை; ஆயுதம் ஏந்தாத சிறுவர்களுக்கு வழியறியும் கலையை மட்டும் எடுத்துத் தந்த இயக்கத்திற்கு அவ்விடை முற்றும் பொருந்துகிறது.

கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமையாற்றுதல், பிறர்க்கு உதவுதல், சாரண விதிக்குக் கீழ்ப்படிதல் என்னும் உறுதிமொழியின் மூன்று கூறுகளை இதழ்கள் குறிக்கின்றன. சாரணர் வணக்கத்தில் மூன்று விரல்கள் உயர்வதும் இதனாலேயே. பக்க இதழ்களிலுள்ள இரண்டு ஐம்முனை விண்மீன்கள் உண்மையையும் அறிவையும் குறிப்பன. அவற்றின் பத்து முனைகள் பத்து விதிகளைச் சுட்டும் என்பர். ஆயினும் 1908இல் ஒன்பதாக இருந்த விதிகள் 1911இல்தான் பத்தாயின என்பதால், இப்பொருள் பின்னர் ஏற்பட்டதெனக் கொள்வதே தகும். ஊதா நிற உலகச் சின்னத்தில் மலரைச் சூழும் கயிறு இயக்கத்தின் ஒற்றுமையைக் காட்டுகிறது; அதன் அடியில் இருப்பது, இரு முனைகளையும் இழுக்க இழுக்க இறுகும் ரீஃப் முடிச்சு.

பெண்களுக்கான இயக்கம் மூவிலை வடிவத்தைத் தன் சின்னமாகக் கொண்டது. இந்தியாவில் தனித்தனியே இயங்கிய சாரணர் அமைப்புகள் 1950 நவம்பர் 7இல் பாரத சாரண சாரணியர் இயக்கமாக ஒன்றுபட, 1951 ஆகஸ்ட் 15இல் பெண்கள் அமைப்பும் அதனுடன் இணைந்தது. அதன் சின்னத்தில் மலரும் மூவிலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தியிருக்க, நடுவே 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம் அமைந்துள்ளது.