அஸ்திவாரமும் மண் தாங்கும் சுவரும்

கிராமக் கூட்டுறவுச் சங்கமொன்று கிடங்கு கட்டத் தீர்மானிக்குமாயின், பொதுக்கூட்டத்தில் முதலில் எழும் கேள்விகள், செங்கல் எந்தச் சூளையிலிருந்து வரும், கல் எங்கே மலிவு, கொத்தனார் யார் என்பனவே. கட்டடம் நிற்கப் போகும் மண் எத்தகையது என்று கேட்பவர் அரியர். ஆனால் நல்ல செங்கல்லால் கட்டப்பட்ட கிடங்கு இரண்டு மாரிக்காலத்துக்குள் வெடித்துப் போவதும், உறுதியான கருங்கற்சுவர் ஒரே இரவில் சாய்ந்து விழுவதும் நாட்டில் நடவாதவை அல்ல. இவற்றை ஆராய்ந்து பார்த்தால், பெரும்பாலும் குற்றம் கல்லிலும் இராது, கொத்தனாரிடமும் இராது. மண்ணுக்குள் புகுந்த நீருக்கு வழி செய்யாமையே காரணமாக இருக்கும். அங்கத்தினர் சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குத்தொகை இவ்விதம் வீணாகாமல் இருக்க வேண்டுமானால், மண்ணும் நீரும் சேரும்போது என்ன நேர்கிறதென்பதை ஒவ்வொருவரும் ஓரளவு அறிந்திருத்தல் அவசியம்.

மண்ணை அறியும் விதம்

வானம் தோண்டுவதற்கு முன், கட்டடம் வரும் இடத்தின் மூலைகளிலும் நடுவிலும் சோதனைக் குழிகள் வெட்டிப் பார்க்க வேண்டும். மேல்மண்ணை மட்டும் பார்த்துத் தீர்மானித்தல் தவறு. ஆறடியாவது ஆழம் செல்ல வேண்டும். கரிசலாயின் அடியிலுள்ள சுக்கானோ சரளையோ தென்படும் வரை செல்வது நலம். ஐந்தடிக்கு மேற்பட்ட குழியில், பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கலாகாது.

குழியிலிருந்து எடுத்த மண்ணில் ஒரு பிடியைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிஷத்திற்குள் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். மறுநாளும் நீர் கலங்கியே இருக்குமானால் களி மிகுதி என்று கொள்ளலாம்.

கரிசலின் குணத்தை அறிய இன்னுமோர் எளிய சோதனை உண்டு. உலர்த்திப் பொடித்துச் சலித்த மண்ணைச் சம அளவாக இரண்டு கண்ணாடிக் குழாய்களில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் முழுவதும் அசையாது வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் மண் ஊதுவதில்லை. நீரில் இட்ட மண் அதைக் காட்டிலும் ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தால், அவ்விடத்தில் சாதாரண அஸ்திவாரம் கூடாதென்று அறிக.

மணற்பூமி

மணலில் கட்டிய வீடு நில்லாது என்று சொல்வார்கள். இது முழு உண்மையன்று. பக்கங்களில் நகர இடமில்லாதபடி நெருக்குண்டு கிடக்கும் மணல் நல்ல பாரம் தாங்கும். காவிரியின் கல்லணை, ஆழம் காண முடியாத ஆற்றுமணலின் மேல் எழுந்ததாகும். இத்தகைய மணலில் அஸ்திவாரம் அமைக்கும் வித்தையைத் தாம் இந்நாட்டின் பழைய வேலைகளிலிருந்தே கற்றதாக ஸர் ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டிருக்கிறார். முக்கொம்பில் 1836 முதல் 1838 வரை கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும், பின்னர் 1847 முதல் 1852 வரை கோதாவரியின் குறுக்கே தவளேஸ்வரம் அணைக்கட்டையும் அவர் கட்டுவித்தார்.

மணலுக்குப் பகை, அதை அரித்துச் செல்லும் நீரேயாகும். ஆதலால் மணற்பூமியில் கட்டுவோர் கூரைநீர் அஸ்திவாரத்தின் அருகே விழாமலும், ஓடைநீர் அடியை அரிக்காமலும் காத்தல் வேண்டும்.

கரிசற்பூமி

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் ஆகிய பக்கங்களில் உள்ளோர் கரிசலின் போக்கை நன்கறிவர். கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும் அதே நிலம், ஐப்பசி மழையில் ஊதி எழும்பும். மண்ணிலுள்ள நுண்ணிய களித்தகடுகள் நீரை உறிஞ்சி விலகுவதும், நீர் போனபின் நெருங்குவதுமே இதற்குக் காரணம். மேல்மண் ஆண்டுதோறும் இவ்வாறு ஏறி இறங்க, அதன்மேல் நிற்கும் சுவரும் ஏறி இறங்கும். சுவரின் ஓரம் நனைந்தும் நடுப்பகுதி உலர்ந்தும் இருந்தால் இந்த அசைவு எங்கும் ஒரே அளவாக இராது. அப்பொழுதுதான் வெடிப்பு உண்டாகிறது. கனமான கட்டடத்தைவிட, ஒற்றை மாடியுள்ள இலேசான கட்டடமே இதனால் அதிகம் கெடுகிறது. மண் மேல்நோக்கித் தூக்கும் வலிமையை அடக்கப் போதிய பாரம் அதற்கு இல்லை.

கரிசலின் ஆழம் நான்கைந்து அடியேயானால், அதை முழுதும் வெட்டி நீக்கிக் கீழுள்ள சுக்கான் அல்லது சரளையின்மேல் கடைக்கால் போடுவதே சிக்கனமானது. கரிசல் மிக ஆழமாயின் கொத்தனார்கள் ‘பைல்’ என்று சொல்லும் நிலத்தூண்கள் வேண்டும். அடியில் குடம் போல விரிந்த தூண்களை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய பூமிக்கென ஆராய்ந்து வழக்கத்திற்குக் கொணர்ந்தது. தூண் குறைந்தது மூன்றரை மீட்டர், அதாவது ஏறத்தாழ பதினொன்றரை அடி, கீழே இறங்க வேண்டும். பருவந்தோறும் ஊதிச் சுருங்கும் மண்ணைக் கடந்து, ஈரம் மாறாத மண்ணில் அதன் விரிந்த அடி நங்கூரம் போல் பிடித்துக்கொள்ளும். அவ்விரிவின் குறுக்களவு தூணின் குறுக்களவைப் போல் வழக்கமாக இரண்டரை மடங்கு ஆகும். தூண்களின் தலைகளை இணைக்கும் உத்தரத்துக்கும் தரைக்கும் இடையே 80 மில்லிமீட்டர் இடைவெளி விடுதல் அவசியம். அவ்விடைவெளியை வீண் என்றெண்ணி மண்ணிட்டு அடைத்துவிட்டால், ஊதும் மண் உத்தரத்தையே தூக்கிவிடும். செலவழித்த பணமும் வீணாகும்.

கட்டடத்தைச் சுற்றி நீர் இறங்காத தளம் ஒன்றை வெளிப்புறம் சரியுமாறு போடுவதும், பெருமரங்களைச் சுவரிலிருந்து அவற்றின் உயர அளவாவது தள்ளி வைப்பதும் நன்று. வேர்கள் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிச் சுருங்கச் செய்யும்.

மண் தாங்கும் சுவர்

மேட்டுநிலத்தைச் சமன்செய்து கிடங்கு கட்டும்போதும், பாதையோரத்திலும், மண் சரியாமலிருக்கச் சுவர் எழுப்புவது வழக்கம். இச்சுவர் வீட்டுச்சுவரைப் போன்றதன்று. இதன் பின்னுள்ள மண்ணில் ஆப்பு வடிவமான ஒரு பகுதி எப்பொழுதும் வழுக்கி இறங்க முயன்று சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மார்த்தினிக் தீவில் கோட்டை வேலையிலிருந்த கூலோம் என்னும் பிரெஞ்சு என்ஜினீயர், இத்தள்ளுதலைக் கணக்கிடும் முறையை 1773-ஆம் ஆண்டிலேயே விளக்கினார்.

சுவரின் உயரம் இரட்டித்தால் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். சுவரைக் கவிழ்க்கும் சக்தி எட்டு மடங்காகும். ஆகையால் ஐந்தடிச் சுவர் நன்றாக நிற்கிறதே என்று அதே கனத்தில் பத்தடிச் சுவர் எழுப்புவது ஆபத்து. கல்லின் பாரத்தாலேயே நிற்க வேண்டிய பத்தடிச் சுவருக்கு, அடியில் ஐந்து முதல் ஏழடி வரை அகலம் வேண்டும்.

இனி நீரின் பங்கைக் கவனிப்போம். பத்தடிச் சுவரின் பின்னே வடிந்த சரளைமண் இருந்தால், சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தையும் ஏறத்தாழ 800 கிலோ தள்ளும். அதே மண்ணில் உச்சிவரை நீர் தேங்கினால் அது ஏறத்தாழ 1,900 கிலோவாகும். கோடை முழுவதும் நின்ற சுவர் மழையிரவில் விழுவதன் மர்மம் இதுவே. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் ஏறத்தாழ 20 அடி உயரமுள்ள சுவர் பெருமழையில் இடிந்து, கீழேயிருந்த வீடுகளின்மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். சுவர் கட்டுவோர், அதன் கீழே வாழ்வோரின் உயிருக்கும் பொறுப்பாளிகள் என்பதை மறக்கலாகாது.

இவ்வாபத்தைத் தடுக்கும் வழி அரிதன்று. சுவரில் மூன்று அல்லது நான்கு அங்குல அகலமுள்ள கசிவுத் துவாரங்களை ஐந்தடிக்கு ஒன்றாக, வரிசைக்கு வரிசை மாறி வருமாறு வைக்க வேண்டும். கடைசி வரிசை வெளித்தரைக்குச் சற்று மேலே இருத்தல் வேண்டும். சுவரின் பின்புறம் ஓரடி கனத்துக்கு உடைகல் அடுக்கி, கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே பருமணல் இட வேண்டும். இன்றேல் மண் கரைந்து வந்து துவாரங்களை அடைத்துவிடும். நிரப்புவதற்குச் சரளைமண்ணே ஏற்றது. கரிசலை அருகே கொண்டுவரலாகாது. ஆறு முதல் ஒன்பது அங்குலம் வரை மண் பரப்பி, ஒவ்வொரு படையையும் திமிசு கொண்டு கெட்டிக்க வேண்டும். மேலே விழும் மழைநீர் பின்னால் இறங்காமல் ஓடிப்போக ஒரு வாய்க்கால் வேண்டும். உர மூட்டைகளைச் சுவரின் விளிம்பில் அடுக்குவதும், பாரவண்டிகளை அங்கே நிறுத்துவதும் தள்ளுதலை இன்னும் மிகுவிக்கும்.

சங்கத்தார் செய்யத்தக்கன

மதிப்பீடு பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும்போது, மண் சோதனைக்கும் நீர் வடிகாலுக்கும் தனித்தனியே தொகை குறிக்கப்பட்டுள்ளதா என்று அங்கத்தினர் கேட்க வேண்டும். அத்தொகை கட்டடச் செலவில் சிறு பங்கேயாகும். செலவைக் குறைக்க முற்படுவோர் முதலில் கைவைப்பதும் அதிலேயே. பத்தடிக்கு மேற்பட்ட சுவருக்கும், கரிசலில் இடும் தூண்களுக்கும் என்ஜினீயரின் கணக்கின்றி வேலை தொடங்கலாகாது.

கட்டியபின் ஆண்டுக்கொரு முறை, புரட்டாசி மாதத்தில், துவாரங்களைக் கம்பியிட்டுத் துப்புரவு செய்ய வேண்டும். சுவர் நடுவில் புடைத்தாலும், முன்பக்கம் சாய்ந்தாலும், மழைக்குப்பின் துவாரத்தில் நீர் வாராமல் கல்லிடுக்கில் கசிந்தாலும், கீழே குடியிருப்போரை உடனே அப்புறப்படுத்தி, அதிகாரிகளுக்கு அறிவிப்பது முதற்கடமை. பூச்சுப் பூசி வெடிப்பை மறைப்பது நோயை மறைப்பதை ஒக்கும். நீருக்கு நாம் வழி விடாவிடில், அது தனக்குரிய வழியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.