மீந்த காயை வத்தலாக்குங்கள்
எந்தக் காய் கட்டுப்படியாகும்?

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் காய்கறி பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு விளைச்சல் குறைந்தாலும் கவலை, கூடினாலும் கவலை. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரே சமயத்தில் காய் வந்து குவிந்தால் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விலை சரிந்துவிடுகிறது. பறிகூலி, வண்டிக்கூலி கூடத் தேறாது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கப்பட்ட உழவர் சந்தை இடைத்தரகைக் குறைத்தது. ஆனால் விற்காத காயை மறுநாள் வரை காப்பது விவசாயியின் பொறுப்பே. அதற்குச் செலவு குறைந்த வழி வத்தல் போடுவதாகும்.

எடைக் கணக்கு

எல்லாக் காயும் வத்தலுக்கு ஒன்றுபோல் கட்டுப்படியாகாது. கத்தரி, பாகல் ஆகியவற்றில் 100க்கு 92 பங்குக்கு மேல் தண்ணீர். 10 கிலோ காயை நன்கு உலர்த்தினால் முக்கால் கிலோ அளவே மிஞ்சும். வெண்டையில் 1 கிலோ கிடைக்கும். கொத்தவரையில் தண்ணீர் 81 பங்கு அளவே இருப்பதால் சுமார் 2 கிலோ கிடைக்கும். காய் கிலோ 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1 கிலோ கொத்தவரை வத்தலுக்குக் காயின் விலை மட்டும் 25 ரூபாய். கத்தரி வத்தலுக்கு 65 ரூபாய்க்கு மேல். உப்பு, மோர், விறகு, ஆள்கூலி தனி. ஆகவே விற்பனைக்குக் கொத்தவரை ஏற்றது. கத்தரியை வீட்டுத் தேவைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

செய்முறை

முற்றாத, பூச்சி விழாத காயாகப் பொறுக்கி, கழுவி, காம்பு நீக்க வேண்டும். கத்தரி, பாகலை அரை விரற்கடைக்கும் குறைவான கனத்தில் நறுக்கவும். கொத்தவரையை முழுசாகவே போடலாம். கொதிக்கும் உப்பு நீரில் 3, 4 நிமிடம் போட்டு எடுத்தால் நிறம் மாறாது, சீக்கிரம் காயும். 1 கிலோ காய்க்கு 25 முதல் 30 கிராம் உப்புப் போதும். கொத்தவரையையும் பாகலையும் இரவு முழுவதும் உப்பிட்ட புளித்த மோரில் ஊறவிட்டுப் பிறகு காயவைப்பது நம் பக்கத்து வழக்கம்.

தூசி படியும் சாலையோரத்தில் காயப்போடக் கூடாது. கட்டிலிலோ பரணிலோ வெள்ளைத் துணி விரித்துப் பரப்பி, மேலே மெல்லிய துணியால் மூட வேண்டும். பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். மாசி முதல் ஆனி வரை வெயில் கைகொடுக்கும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் முயல வேண்டாம். கீரையை மட்டும் நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் சத்தும் பச்சை நிறமும் போய்விடும்.

பதம் பார்த்தல்

ஒடித்தால் 'படக்' என்று முறிய வேண்டும். உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு நாள் மூடி வைத்துப் பாருங்கள். உள்ளே நீர் பூத்தால் மீண்டும் காயவைக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த வத்தலை வெயிலில் போட்டு எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. நஞ்சு வெயிலில் போகாது. காயை வேகவைத்துத் தண்ணீரோடு பாட்டிலில் அடைத்து வைப்பதும் ஆபத்து.

பலகாரத்தில் சேர்க்க

நிழலில் உலர்த்திய முருங்கைக் கீரையைப் பொடித்துச் சலித்து, 1 கிலோ மாவுக்கு 30 முதல் 50 கிராம் வரை பிஸ்கட், முறுக்கு, அடை மாவில் சேர்க்கலாம். அதற்கு மேல் சேர்த்தால் கசப்புத் தட்டும். வீட்டில் பிஸ்கட் சுட அடுப்புப் பெட்டி வேண்டியதில்லை. அடிகனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, நன்கு சூடேற்றி, உள்ளே தட்டு வைத்து மூடிச் சுடலாம்.

விற்க நினைப்போர் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெற்று, பொட்டலத்தில் எடையும் தேதியும் குறிக்க வேண்டும். உணவு பதப்படுத்தும் பயிற்சி பற்றி அறிய மதுரை வேளாண்மைக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். முதலில் 5 கிலோ காயில் போட்டுப் பார்த்து, கிடைத்த வத்தலை நிறுத்துக் கணக்கிட்ட பிறகு அதிகம் போடுவது நல்லது.