அதிரையிலிருந்து வந்த எழுத்து



பிள்ளைகள் பள்ளியில் படித்த காலத்தில் அரசு வழங்கிய மடிக்கணினி ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில் துணி சுற்றிக் கிடக்கக்கூடும். அதனைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் இக்கட்டுரையைச் சற்றே படித்துவிடுங்கள்.

எனக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாது மர்ஹூம் அவர்கள், வாரிசுரிமைச் சட்டத்தை மாணவர்க்கென எளிய தமிழில் நூலாக எழுதி, 1999-ஆம் ஆண்டில் ஒரு டி.டி.பி. நிலையத்தில் தட்டச்சுச் செய்து வைத்திருந்தார்கள். அச்சிட்ட படிகள் கறையானுக்கு இரையாயின. எஞ்சியது ஒரு குறுந்தகடு மட்டுமே. சென்ற ஆண்டு அதனைத் திறந்தபோது தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து சிதறிக் கிடந்தன. கடையொன்றில் காட்டினேன். "கோப்பு கெட்டுவிட்டது, புதிதாகத் தட்டச்சுச் செய்யுங்கள்" என்றனர். எதைப் பார்த்துச் செய்வது?

உண்மையில் கோப்பு கெடவில்லை. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழைக் குடியமர்த்தின. பாமினி எழுத்துருவில் 'அ' இருப்பது ஆங்கில 'எம்' எழுத்தின் இடத்தில். வேறோர் எழுத்துருவில் அதன் இடம் வேறு. உரிய எழுத்துரு இல்லாத கணினிக்கு அது வெறும் ஆங்கிலமே. இக்குழப்பத்தைத் தீர்க்க வந்ததே ஒருங்குறி. அதில் 'அ' எழுத்திற்கு உலகெங்கும் ஒரே எண், 2949. (அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளில் கூடுதல் குறிகள் இட்டு அரபுத் தமிழைச் சமைத்த நம் முன்னோர்க்கு இச்சங்கடம் நன்கு விளங்கியிருக்கும்.)

எங்கள் புதுக்கோட்டை மாவட்டக் கரையிலிருந்து மணமேல்குடி, கட்டுமாவடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினம் வரும். அவ்வூரில் 1953-ஆம் ஆண்டு பிறந்தவர் உமர் தம்பி. கற்றது விலங்கியல், பிழைப்புக்குக் கைகொடுத்தது மின்னணுத் தொழில்நுட்பம். துபாயில் பல்லாண்டுகள் பணியாற்றிய அவர், தமிழ் ஒருங்குறிக்கான கருவிகளை ஊதியம் கருதாமல் ஆக்கி எவரும் எடுத்துக்கொள்ளுமாறு வழங்கினார். எழுத்துருக்கள், தட்டச்சுச் செயலி, எழுத்து மாற்றி, வலைப்பதிவர்களுக்கான செய்தியோடை உருவாக்கி என அவை பலவாகும்.

அவற்றுள் என்னைப் பெரிதும் கவர்ந்தது தேனீ எழுத்துரு. விண்டோஸ் 98 இருந்த பழைய கணினிகளில் தமிழ் ஒருங்குறி எழுத்துரு கிடையாது. புதுக் கணினி வாங்க வசதியற்றவரும் வாடகைக் கணினி நிலையத்தில் அமர்ந்தவரும் கண்டவை வெறும் கட்டங்களே. தேனீ எழுத்துருவோ இணையப் பக்கத்துடன் தானும் சேர்ந்து வந்து இறங்கும். படிப்பவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. எளியவரின் பழைய இயந்திரத்தை மனத்திற்கொண்டு செய்த வேலை அது! 2006 ஜூலை 12 அன்று அவர் மறைந்தார். 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்கிற்கு அவர் பெயரைச் சூட்டினர்.

இனி மடிக்கணினிக்கு வருவோம். எங்கள் மதரஸாவின் பழைய மாணவர் ஒருவர், 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் தம் அண்ணன் பெற்ற கணினியைக் கொண்டு வந்தார். திறந்து கால்மணி நேரம் ஆகியும் அது விழிக்கவில்லை. "ஹஜ்ரத், இதைத் தூக்கிப் போட வேண்டாம்" என்றவர், சுழலும் வன்தட்டை அகற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினார், நினைவகத்தை 4 ஜி.பி. ஆக்கினார், விண்டோஸை நீக்கி விலையில்லா லினக்ஸை நிறுவினார். மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான பொதுப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் நின்றுவிட்ட நிலையில், பழைய கணினிகள் பலவற்றுக்கு இதுவே வழி. பாட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதனைத் தொடாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அகற்றிவிடுங்கள்.

அக்கணினியில், உமர் தம்பி போன்ற ஆர்வலர்கள் விலையின்றி வழங்கிய வகையைச் சேர்ந்த எழுத்து மாற்றி ஒன்றில் உஸ்தாதின் நூலை இட்டோம். நொடிப்பொழுதில் அவர்களின் தமிழ் திரையில் எழுந்தது. நான் சிறிது நேரம் பேசவில்லை.

ஆயினும் பிழைகள் இருந்தன. பழைய முறையில் கொம்பு முதலிலும் மெய் பின்னரும் வரும். ஒருங்குறியில் மெய்யே முந்தும். மாற்றும்போது சில இடங்களில் இவ்வரிசை பிறழ்ந்திருந்தது. 'ர'வும் காலும் இடம் மாறியிருந்தன. வாரிசுரிமை நூலில் எழுத்து பிறழ்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம். எண் பிறழ்ந்தால் ஒருவரின் உரிமை பறிபோகும். பிள்ளைகள் இருப்பின் தாய்க்கு ஆறில் ஒன்று. பிள்ளைகளோ உடன்பிறந்தார் பலரோ இல்லையெனில் மூன்றில் ஒன்று. ஆகவே ஒவ்வொரு பங்கையும் அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆகிய வசனங்களோடு ஒப்பிட்டுத் திருத்தி வருகிறோம். இஷாவுக்குப் பின் நாளொன்றுக்கு இரண்டு பக்கங்கள். இப்போது ஏழாம் பாடத்தில் நிற்கிறோம். அரபி வரிகள் மட்டும் மாற்றியில் மீளவில்லை. அவற்றை நானே தட்டச்சுச் செய்து வருகிறேன். அம்மாணவர் அருகிலிருந்து விசைகளைக் காட்டித் தருகிறார்.