ஏரிக்கரை ஊர்கள் – 9: குழாய் விலகியது, பாசி விலகவில்லை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மாடிசன், மெண்டோட்டா, மொனோனா என்ற இரு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிய நிலத்தில் அமைந்த ஊர். மக்கள்தொகை சுமார் 2.7 லட்சம். யஹாரா ஆறு இவ்விரண்டையும் கடந்து, கீழே வாபீசா, கெகோன்சா ஏரிகளிலும் புகுந்து செல்கிறது. முன்பு ஊரின் கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் ஏரியில் விட்டார்கள். ஆனால் அந்தக் காலத்துச் சுத்திகரிப்பு அழுக்கை எடுத்ததே தவிர, பாசிக்கு உணவாகும் பாஸ்பரஸை எடுக்கவில்லை. மொனோனாவில் பல ஆண்டுகள் மயில்துத்தம் கொட்டிப் பார்த்தார்கள். கடைசியில், 1958இல் கழிவுநீர் முழுவதையும் நான்கு ஏரிகளுக்கும் கீழே ஒரு ஓடைக்குத் திருப்பினார்கள். மெண்டோட்டாவுக்கு மேலே இருந்த சிற்றூர்களின் கழிவுநீரும் 1971இல் விலக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் கோடையில் நீலப்பசும்பாசி படர்ந்து, குளிக்கும் கரைகளை மூட நேர்கிறது. அப்படியானால் செலவழித்த பணம் வீண் என்று சிலர் சொல்லக்கூடும். அது தவறு. கழிவுநீர் நின்றதும் கீழேயுள்ள ஏரிகளில் பாஸ்பரஸ் குறையவே செய்தது. ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தின் மதிலோடு ஓர் ஊரின் பொறுப்பு முடிந்துவிடாது என்பதையும் மாடிசன் காட்டுகிறது.

மிச்சமிருக்கும் பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி பால்பண்ணைகளிலிருந்து. குளிர்காலத்தில் உறைந்த வயலில் சாணத்தைப் பரப்பினால் மண் அதை உள்ளே இழுக்காது. பனி உருகும்போதும் முதல் மழையிலும் அது நேரே ஓடைக்கு வருகிறது. பல பத்தாண்டுகள் எருவும் உரமும் போட்டதில் மண்ணிலேயே பாஸ்பரஸ் சேர்ந்து கிடப்பதால், இன்றே எல்லாவற்றையும் நிறுத்தினாலும் நாளையே ஏரி தெளியாது. ஊருக்கும் இதில் பங்குண்டு. இலையுதிர்காலத்தில் தெருவில் கிடக்கும் சருகுகள் மழையில் தேயிலைபோல் ஊறி, பாஸ்பரஸை வடிகாலில் இறக்குகின்றன. அந்த வடிகால் எந்தச் சுத்திகரிப்புமின்றி ஏரியில் முடிகிறது.

இதற்கிடையே 2010இல் மாநிலம் ஆறு, ஓடைகளுக்குப் பாஸ்பரஸ் வரம்பு விதித்தது: ஓடையில் லிட்டருக்கு 0.075 மில்லிகிராம். மாடிசனின் நைன் ஸ்பிரிங்ஸ் சுத்திகரிப்பு நிலையம் ஏற்கெனவே நுண்ணுயிர்களைக் கொண்டு பாஸ்பரஸை எடுத்துவந்தது. பிராணவாயு இல்லாத தொட்டியில் அவை தம்மிடமுள்ள பாஸ்பரஸை வெளிவிடும். அடுத்து காற்றூட்டும் தொட்டிக்குப் போனதும், விட்டதைவிட அதிகமாக உறிஞ்சிக்கொண்டு கசடோடு அடியில் படியும். அந்தக் கசடு செரிக்கும்போது பாஸ்பரஸ் மக்னீசியத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து குழாய்களின் உட்புறத்தில் கல்லாக இறுகிவிடும். அதே படிகத்தை இப்போது உருண்டைகளாக வளரவிட்டு உரமாக்குகிறார்கள். இவ்வளவும் செய்தும் வெளியேறும் நீரில் பாஸ்பரஸ் லிட்டருக்கு ஏறத்தாழ 0.3 மில்லிகிராம். அதை 0.075க்கு இறக்கப் பெருஞ்செலவில் புது வடிகட்டிகள் வேண்டும். கழிவுநீர் வாரியம் வேறு வழியை எடுத்தது. அருகிலுள்ள ஊராட்சிகளோடு சேர்ந்து, வயல்களிலும் ஊர் வடிகால்களிலும் பாஸ்பரஸைக் குறைக்கும் 20 ஆண்டுத் திட்டத்தை 2017இல் தொடங்கியது.

கழிவுநீர்க் கட்டணம் கட்டும் குடும்பம் பண்ணைக்காரரின் சாணத்துக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? கேள்வி நியாயமானது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதுதான் முறை. ஆனால் 1972ஆம் ஆண்டுத் தூயநீர்ச் சட்டம் குழாய்வழி வரும் கழிவைத்தான் இறுக்கிப் பிடிக்கிறது; வயலில் வழிந்தோடும் மழைநீரை அது விட்டுவைத்திருக்கிறது. சட்டம் திருந்தட்டும் என்று காத்திருந்தால் ஏரிக்குள் பாஸ்பரஸ் வந்துகொண்டேயிருக்கும். குழாயில் கடைசித் துளியைப் பிடிக்கச் செலவாகும் பணத்தில், வயலில் அதைவிடப் பல மடங்கு பாஸ்பரஸைத் தடுக்கலாம்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு. குழாயில் வருவதை அளக்கலாம்; வயலில் குறைந்ததாகச் சொல்வது பெரும்பாலும் கணக்கீடு. கனமழைகள் கூடிவரும் காலத்தில் அந்தக் கணக்கு எளிதில் பொய்த்துப்போகும். அதனால் காகிதத்தில் காட்டும் குறைப்பை ஏற்காமல் ஓடையிலேயே நீரை எடுத்து அளக்க வேண்டும். உறைந்த நிலத்தில் சாணம் பரப்பும் பண்ணைக்கு இந்தப் பணத்திலிருந்து ஒரு டாலரும் போகக்கூடாது.