பால் திரியாத ஆரஞ்சுக் காப்பி!

சித்திரை பிறந்துவிட்டால் காங்கேயத்தில் காலை பத்து மணிக்கே வெயில் சுட்டெரிக்கத் தொடங்கிவிடும். அரிசி ஆலைக் களங்களில் நெல் காயும். எண்ணெய் ஆலைக் களங்களில் தேங்காய்ப் பருப்பு காயும். சிவன்மலைப் படிகளில் வெறுங்காலை வைக்க முடியாது. மனிதனின் தொண்டை மட்டும் காயாமல் இருக்குமா?

ஆனாலும் என்ன? எவ்வளவு வெயில் அடித்தாலும் காப்பியை விட மனம் வருவதில்லை. மாலை நான்கு மணி ஆனால் பில்டரில் டிகாக்ஷன் இறங்கியே ஆக வேண்டும். அதைச் சூடாகக் குடிப்பதற்குப் பதில், குளிரக் குடித்தால் என்ன என்ற எண்ணம் பல வீடுகளில் எழுந்திருக்கிறது. பிரிட்ஜ் இல்லாத வீடு குறைந்துவரும் இந்நாளில் அது ஒன்றும் பெரிய காரியம் அல்ல.

அந்தக் குளிர்காப்பியில் ஆரஞ்சுப் பழத்தின் மணமும், பாலேட்டின் வழவழப்பும் சேர்ந்தால்? கேட்கும்போதே நாவில் நீர் ஊறுகிறது. செய்து பார்க்கத்தான் பலருக்கும் தயக்கம். காரணம், பால்!

மாமியாரின் சந்தேகம்

இந்தக் காப்பியைப் பற்றி மருமகள் பேச்செடுத்தால், கொங்கு நாட்டு மாமியார் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்:

"ஏனம்மிணி, பால்ல போயி ஆரஞ்சையும் எலுமிச்சங்காயையும் கலந்தா திரிஞ்சு போயிடாதா?"

"சாறு ஊத்தறதில்லைங்க அத்தை. தோலு மட்டுந்தானுங்க."

இந்த இரண்டு வரிகளில் முழு ரகசியமும் அடங்கிவிட்டது. சாறு பாலுக்குப் பகை. தோல் பாலுக்கு உறவு. இதைத் தெரிந்துகொண்டவர் வீட்டில் பால் திரியாது.

மாமியாரின் அச்சத்திலும் நியாயம் உண்டு. காங்கேயம் என்றாலே கம்பீரமான காளைகள்தான் நினைவுக்கு வரும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேணி வளர்த்துப் புகழ் சேர்த்த இனம் அது. ஆனால் அந்த இனத்தின் பெருமை ஏரிலும் வண்டியிலும் இருக்கிறதே தவிர, பால் செம்பில் இல்லை. காங்கேயம் பசு குறைவாகவே கறக்கும். பாலுக்கு எருமையையும் கலப்பினப் பசுவையும் நம்பித்தான் இங்கே பல குடும்பங்கள் இருக்கின்றன. மழை குறைந்த பூமி. கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் முளைத்தால்தான் மாட்டுக்குத் தீனி. அப்படிக் கறந்த பால் ஒரு படி வீணானால் யாருக்கு மனம் பொறுக்கும்? பக்கத்து ஊரான ஊத்துக்குளிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே வெண்ணெய்தானே! பாலின் அருமையை இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

பால் ஏன் திரிகிறது?

பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு 'கேசின்' என்ற வகையைச் சேர்ந்தது. அது கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாகப் பாலில் மிதந்துகொண்டிருக்கிறது. பாலுக்கு வெள்ளை நிறம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். புளிப்பு அதிகமானால் இந்த உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் பால் திரிந்துவிட்டது என்கிறோம்.

புளிப்பை அளக்க விஞ்ஞானிகள் 'பி.எச்.' என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். நல்ல பாலுக்கு இது 6.6 அல்லது 6.7. இந்த எண் 4.6 வரை இறங்கினால் கேசின் முழுவதும் திரண்டுவிடும். காப்பி டிகாக்ஷனுக்கு ஏறக்குறைய 5. ஆரஞ்சுச் சாறு 4க்கும் கீழே. எலுமிச்சைச் சாறோ 2க்கும் 3க்கும் நடுவே!

ஆக, காப்பியே சிறிது புளிப்புள்ளது. அதன்மேல் பழச்சாறும் சேர்ந்தால் பால் என்ன செய்யும், பாவம்! சூடாக இருந்தால் இன்னும் விரைவாகத் திரியும். காலையில் இறக்கிய டிகாக்ஷனை மாலையில் மீண்டும் சுடவைத்துப் பாலில் ஊற்றும்போது சில சமயம் பால் முறிவதும் இதனால்தான். நேரம் ஆக ஆக டிகாக்ஷனில் புளிப்பு ஏறுகிறது.

மணம் இருக்கும் இடம்

ஆரஞ்சுப் பழத்தின் புளிப்பு சுளையில் இருக்கிறது. மணமோ தோலில் இருக்கிறது. தோலை விளக்குச் சுடருக்கு எதிரே மடக்கிப் பிழிந்தால் பொறி பறக்கும். குழந்தைகள் இதைச் செய்து விளையாடுவது உண்டு. அப்படித் தெறிப்பது சாறு அல்ல, எண்ணெய்! தோலின் மேற்புறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவனவெல்லாம் எண்ணெய்ப் பைகள். அந்த எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் 'லிமோனீன்' என்ற பொருள். அதில் புளிப்பு இல்லை. ஆகையால் அது பாலைத் தொந்தரவு செய்வதில்லை.

மற்றொரு நன்மையும் உண்டு. எண்ணெய் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலேட்டில் இருப்பதோ கொழுப்பு. ஆரஞ்சு மணத்தைப் பாலேடு பிடித்து வைத்துக்கொண்டு, குடிக்கும்போது நாவில் மெல்ல மெல்ல விடுகிறது. தண்ணீராகக் கலந்த காப்பியைவிடப் பாலேடு சேர்ந்த காப்பியில் மணம் நிலைத்து நிற்பது அதனால்தான்.

மலையில் கூடி வளர்ந்தவை

காப்பிக்கும் ஆரஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் மலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். குடகு மலையிலும் பழனி மலையின் கீழ்ப்பகுதிகளிலும் காப்பிச் செடிகளுக்கு இடையே கமலா ஆரஞ்சு மரங்களை வளர்ப்பது பழைய வழக்கம். ஒரே மண், ஒரே மழை. நோய்கள் தாக்கியதால் அந்த ஆரஞ்சு மரங்கள் பல இடங்களில் குறைந்துபோயின. தோட்டத்தில் அடுத்தடுத்து நின்ற இரண்டும் டம்ளரில் ஒன்று சேர்வதில் வியப்பு ஒன்றும் இல்லை.

வேண்டிய பொருட்கள்

நான்கு பேருக்கு:

காப்பித்தூள் 40 கிராம்.
கொழுப்பு நிறைந்த பால் 400 மில்லி.
புதிய பாலேடு 8 மேஜைக்கரண்டி.
கமலா ஆரஞ்சு 2.
அஸ்கா சர்க்கரை 100 கிராம்.

ஆரஞ்சு கிடைக்காத நாட்களில் இரண்டு எலுமிச்சம்பழமோ, ஒரு பெரிய சாத்துக்குடியோ போதும். நார்த்தங்காய்த் தோல் கசப்பு மிகுந்தது, அது வேண்டாம்.

காப்பித்தூளில் சிக்கரி குறைவாக இருப்பது நல்லது. சிக்கரி அதிகமானால் அதன் கசப்பு ஆரஞ்சு மணத்தை அமுக்கிவிடும். சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். கலந்த விகிதம் பொட்டலத்தின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். வாங்கும்போது ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

செய்முறை

முதலில் பாகு. பழங்களை வெதுவெதுப்பான நீரில் உப்புத் தேய்த்துக் கழுவித் துடைக்கவும். கூர்மையான கத்தியால் மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவவும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும், அது வரக்கூடாது. சீவிய தோலை ஒரு போசியில் போட்டு, சர்க்கரையைக் கொட்டி, விரல்களால் நன்றாகக் கசக்கவும். மூடி வைத்து இரண்டு மணி நேரம் சும்மா விட்டுவிடவும். சர்க்கரை தோலில் உள்ள எண்ணெயை இழுத்து ஈரமாகிவிடும். பிறகு 75 மில்லி சூடான நீர் ஊற்றிக் கரைத்து வடிகட்டவும். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட வேண்டாம். கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும்.

அடுத்தது டிகாக்ஷன். பில்டரில் தூளைப் போட்டு அமுக்கி, கொதிக்கும் நீர் 300 மில்லி ஊற்றினால், சுமார் 200 மில்லி கெட்டி டிகாக்ஷன் இறங்கும். குளிர்ந்த பண்டத்தில் இனிப்பும் மணமும் நாவுக்குக் குறைவாகத் தெரியும். ஆகையால் டிகாக்ஷன் கெட்டியாகவே இருக்க வேண்டும். இறங்கியதும் ஆறவிட்டு பிரிட்ஜில் வைக்கவும்.

அதே தூளில் இன்னும் ஒரு முறை கொதிநீர் ஊற்றினால் இரண்டாம் டிகாக்ஷன் கிடைக்குமல்லவா? அதைக் கொட்ட வேண்டாம். ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கவும். தண்ணீர் ஐஸ் கரைந்தால் காப்பி சப்பென்று ஆகிவிடும். இந்த ஐஸ் கரைந்தாலும் காப்பிதான்!

பாலைக் காய்ச்சி ஆறவைத்து, பிரிட்ஜில் இரவு முழுவதும் வைத்தால் மேலே ஆடை கெட்டியாகப் படியும். எருமைப் பாலில் ஆடை தாராளமாக வரும். அதில் கொழுப்பு நூற்றுக்கு 6 முதல் 7 பங்கு. அந்த ஆடையை எடுத்து மத்தால் சிறிது நேரம் மட்டும் அடித்தால் பாலேடு தயார். அளவு மீறிக் கடைந்தால் ஊத்துக்குளிக்குப் போட்டியாக வெண்ணெய் வந்துவிடும்! வெண்ணெய்க்காகப் பல நாள் சேர்த்துவைத்த ஆடை புளித்திருக்கும். அது இதற்கு ஆகாது. அன்றன்று எடுத்த ஆடையே வேண்டும். வசதிப்பட்டவர்கள் கடையில் விற்கும் கிரீமையும் பயன்படுத்தலாம்.

இனிக் கலக்கலாம். எல்லாம் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒவ்வொரு டம்ளரிலும் ஒன்றரை மேஜைக்கரண்டி பாகும், கால் பங்கு டிகாக்ஷனும் ஊற்றிக் கலக்கவும். அதில் 100 மில்லி பாலை ஊற்றவும். மூன்று நான்கு காப்பி ஐஸ் கட்டிகளைப் போடவும். கடைசியாக இரண்டு கரண்டி பாலேட்டை மேலே மெல்ல மிதக்கவிடவும். பாகு மிஞ்சினால் புட்டியில் அடைத்து பிரிட்ஜில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரை ஆகாதவர்கள் பாகு இல்லாமலே மணம் ஏற்றிக்கொள்ளலாம். காய்ச்சி ஆறிய பாலில் தோல் சீவல்களைப் போட்டு, இரவு முழுவதும் பிரிட்ஜில் மூடி வைத்து, காலையில் வடிகட்டினால் பாலிலேயே மணம் ஏறியிருக்கும்.

சாறுதான் வேண்டுமா?

புளிப்புச் சுவையை விரும்புகிறவர்கள் பாலை விட்டுவிட வேண்டும். இதற்கு வெளிநாட்டில் ஒரு பழைய முன்னோடி உண்டு.

1840ஆம் ஆண்டு, ஆப்பிரிக்காவில் அல்ஜீரியா நாட்டின் மசாகிரான் என்ற ஊரில் 123 பிரெஞ்சுச் சிப்பாய்கள் முற்றுகையில் சிக்கினார்கள். அங்கே காப்பியில் குளிர்ந்த நீரைக் கலந்து குடித்தார்கள் என்பது கதை. அவர்கள் ஊர் திரும்பிய பிறகு பாரிஸ் காப்பிக் கடைகளில் அந்தப் பானம் 'மசாகிரான்' என்ற பெயரிலேயே பரவியது. போர்ச்சுக்கல் நாட்டில் அதில் எலுமிச்சைச் சாறும் ஐஸும் சேர்த்துக் குடிக்கிறார்கள். பால் கிடையாது. ஆகவே திரிய எதுவும் இல்லை!

டிகாக்ஷன் ஒரு பங்கு, குளிர்ந்த நீர் இரண்டு பங்கு, பாகு, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஐஸ். இவ்வளவுதான் மசாகிரான்.

பால் வேண்டாம், ஆனால் வழவழப்பு வேண்டும் என்பவர்களுக்குக் காங்கேயத்திலேயே வழி இருக்கிறது. தேங்காய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பெயர்போன ஊர் அல்லவா இது? பாலேட்டுக்குப் பதிலாகத் தேங்காயின் முதற்பாலைக் குளிரவைத்து மேலே ஊற்றலாம். இதிலும் பாகுதான் சேர வேண்டும், சாறு சேரக்கூடாது.

ஐஸில் கவனம்

ஒரு காலத்தில் ஐஸ் கப்பலேறி வந்தது. அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டி எடுத்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842இல் ஒரு கட்டடம் கட்டினார்கள். அதுதான் 'ஐஸ் ஹவுஸ்'. 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய அந்தக் கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம்.

இன்று ஐஸ் வீட்டிலேயே கிடைக்கிறது. எனவே கொதிக்க வைத்து ஆறிய நீரில் செய்த ஐஸையே பயன்படுத்த வேண்டும். மீனையும் சரக்கையும் கெடாமல் வைக்க விற்கும் பாளக்கட்டி குடிப்பதற்கானது அல்ல.

அளவும் தெரிய வேண்டும்

குளிர்ச்சியாக இருக்கிறதே என்று டம்ளர் டம்ளராகக் குடிக்கலாகாது. குளிர்ந்தாலும் காப்பி காப்பிதான். 150 மில்லி காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் 'காபீன்' இருக்கிறது என்றும், நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி கூறுகிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காப்பி குடித்தால், உணவில் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். இரத்தசோகை உள்ள பெண்கள் இதை மறக்கலாகாது. குழந்தைகளுக்கு டிகாக்ஷன் வேண்டாம். பாகும் பாலும் பாலேடும் கலந்து கொடுத்தால் அவர்களும் மகிழ்வார்கள்.

கணக்குப் பார்க்கும் இல்லத்தரசிகளுக்கு மேலும் ஒரு செய்தி. இந்தக் காப்பிக்குப் பழத்தின் தோல்தான் செலவாகிறது. வழக்கமாகக் குப்பைக்குப் போகும் பொருள் அது. ஆரஞ்சுச் சுளை குழந்தைகளுக்கு. எலுமிச்சைச் சாறு மறுநாள் ரசத்துக்கு. இரண்டாம் டிகாக்ஷனும் ஐஸாகிவிட்டது. பாலும் திரியவில்லை. இப்படி எதுவும் வீணாகாமல் ஒரு விருந்து கிடைக்குமானால், மாமியார் இன்னொரு டம்ளர் கேட்காமலா இருப்பார்?